‘தி லாப்ஸ்டர்’: பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் சில பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் போட்டுப் பார்க்கிறோம். சென்ற மாதம் போட்டது ‘தி லாப்ஸ்டர்’. விளக்கு எரிந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு இந்த வருடத்தில் பார்த்ததிலேயே இதுதான் நல்ல படம். இன்னொரு பக்கத்துக்கு, காசு கொடுத்தாலும் இனி இதைப் பார்க்க முடியாது. வாட்ஸ்அப்பில் சண்டை இன்னும் ஓயவில்லை. செந்தூல் நண்பர்களுக்காக இதே படத்தை மறுபடியும் போடப்போகிறோம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். கதை முழுவதும் தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என்ன கதை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அந்த நாட்டில் யாரும் ஜோடி இல்லாமல் வாழக் கூடாது. மனைவி விட்டுப்போன டேவிட்டை (கொலின் ஃபாரல்) கடலோர விடுதி ஒன்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். கூடவே ஒரு நாய். அது அவனுடைய உடன்பிறந்தவன், முன்பு இதே விடுதிக்கு வந்து தோற்றுப்போனவன். டேவிட்டுக்குக் கொடுத்த தவணை 45 நாள். அதற்குள் ஒரு துணை அமையாவிட்டால் விலங்காக மாற்றிவிடுவார்கள். எந்த விலங்கு என்பதை மட்டும் அவனே சொல்லலாம்.

இந்தச் சட்டத்துக்குப் பணியாமல் ஓடியவர்கள் காட்டில் ஒளிந்து வாழ்கிறார்கள். விடுதியில் இருப்பவர்கள் மயக்க ஊசித் துப்பாக்கியோடு போய் அவர்களை வேட்டையாட வேண்டும். பிடிக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நாள் கூடுதல் தவணை. டேவிட்டும் ஒரு கட்டத்தில் காட்டுக்கு ஓடுகிறான். காட்டில் யாரும் யாரையும் காதலிக்கக் கூடாது. அங்கே போய்த்தான் அவனுக்குக் காதல் வருகிறது.

2015இல் வந்த படம், ஏறக்குறைய 2 மணி நேரம் ஓடும். இயக்கியவர் கிரேக்கரான யோர்கோஸ் லாந்திமோஸ். ஆங்கிலத்தில் அவர் எடுத்த முதல் படம் இது. திரைக்கதையை எஃப்திமிஸ் ஃபிலிப்பூவோடு சேர்ந்து எழுதினார். அது 2017இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். நிர்வாணம் உண்டு, படுக்கையறைக் காட்சிகள் உண்டு. ஒரு நாய் சாகிறது. ஒரு பெண் மாடியிலிருந்து குதிக்கிறாள், உடனே உயிர் போகாமல் கீழே கிடந்து கத்துகிறாள். விதியை மீறிய ஒருவனுடைய கையை எல்லோர் முன்னிலையிலும் டோஸ்டருக்குள் விட்டுப் பொசுக்குகிறார்கள். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் படம் போட வேண்டும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன். அப்படிச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள் சிலர். போகட்டும்.

இதையா நகைச்சுவைப் படம் என்கிறார்கள்?

ஆமாம். ஆனால் படத்தில் யாரும் சிரிப்பு மூட்டப் பார்ப்பதில்லை. எல்லோரும் கவுண்டரில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் ஆள் பேசுகிற குரலிலேயே பேசுகிறார்கள். காதலைச் சொன்னாலும் அதே குரல்தான், சாவைச் சொன்னாலும் அதே குரல்தான்.

டேவிட் விடுதியில் பதிவு செய்யும் காட்சியைக் கவனியுங்கள். அப்போதுதான் அவனுடைய குடும்பம் உடைந்திருக்கிறது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் காலணி அளவு கேட்கிறாள். நாற்பத்து நாலரை என்கிறான். இங்கே அரை அளவு கிடையாது, 44 அல்லது 45 என்கிறாள். அவனும் யோசித்து ஒன்றைச் சொல்கிறான். ஆணைத் தேடுகிறாயா பெண்ணைத் தேடுகிறாயா என்ற கேள்வியும் அதே தொனியில்தான் வருகிறது. இரண்டும் என்று சொல்ல அங்கே கட்டம் இல்லை. முன்பு இருந்ததாம், நிர்வாகச் சிக்கலால் எடுத்துவிட்டார்களாம்.

படிவத்தில் தன் கதைக்குக் கட்டமே இல்லாமல் எந்த அலுவலகத்திலாவது நின்றவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். எங்கள் கூட்டத்தில் முதல் சிரிப்பு இங்கேதான் வந்தது. சிரித்தவர் விவாகரத்தான ஓர் அண்ணன்.

இன்னொரு சிரிப்பு நம் ஆட்களுக்கென்றே எழுதியது போல் இருக்கும். விடுதியில் ஒரு ஜோடி சேர்ந்ததும், மேலாளராக வரும் ஒலிவியா கோல்மன் அவர்களை வாழ்த்திப் பேசுகிறார். உங்களால் தீர்க்க முடியாத சண்டை வந்தால் ஒரு குழந்தையை ஒதுக்கிக் கொடுப்போம், பெரும்பாலும் அது உதவும் என்கிறார். பின்வரிசையிலிருந்து ஒரு ஆன்ட்டி, “அதானே! ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும்” என்று சத்தமாகவே சொன்னார். கிண்டலாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்று வரை தெரியவில்லை.

நாய்க் காட்சி தேவைதானா? எங்கள் பக்கத்தில் இருவர் எழுந்து போய்விட்டார்களே.

அவர்கள் போனதில் தப்பில்லை. அந்தக் காட்சியைத் தாங்கும் மனநிலை எல்லோருக்கும் எல்லா நாளும் வாய்க்காது.

காட்சி இதுதான். டேவிட், இரக்கமே இல்லாத ஒருத்தியோடு ஜோடி சேர்வதற்காகத் தானும் இரக்கமில்லாதவன் போல் நடிக்கிறான். ஒரு காலை அவள் வந்து, உன் உடன்பிறந்தவனைக் கொன்றுவிட்டேன், காலால் உதைத்தே கொன்றேன் என்கிறாள். அது கத்திய சத்தத்தையும் செய்து காட்டுகிறாள். கொல்வதைப் படம் காட்டுவதில்லை. குளியலறைத் தரையில் நாய் கிடப்பதைத்தான் காட்டுகிறது. டேவிட் ஒன்றும் நடக்காதவன் போல் பேசிப் பார்க்கிறான், முகத்தை இறுக்கிப் பார்க்கிறான். ஆனாலும் கண்ணீர் வந்துவிடுகிறது. நீ நடித்தாய் என்று பிடித்துக்கொள்கிறாள்.

தேவையா என்றால், தேவை என்பேன். அதுவரை எல்லோரும் சின்னப் பொய்தான் சொல்லி வந்தார்கள். நொண்டி நடக்கும் ஒருவன் (பென் விஷா), அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் பெண்ணோடு பொருந்துவதற்காகத் தன் மூக்கைத் தானே இடித்து ரத்தம் வரவைத்துக்கொள்கிறான். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்தப் பொய்யைக் கடைசி வரை இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதை நாய்க் காட்சிதான் காட்டுகிறது. அது இல்லாவிட்டால் படம் நல்ல ஜோக்காகவே முடிந்திருக்கும். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லி, எழுந்து போனவர்களைக் கோழைகள் என்று குழுவில் எழுதியது அசிங்கம். எழுதியவருக்கு நான் சொல்வது புரியும்.

ஏன் லாப்ஸ்டர்?

டேவிட்டே காரணம் சொல்கிறான்: சிங்கி இறால் எனப்படும் அது நூறு வருடத்துக்கு மேல் வாழும், பிரபுக்களைப் போல நீல ரத்தம், ஆயுள் முழுக்க இனப்பெருக்கம் செய்யும், தவிர அவனுக்குக் கடல் பிடிக்கும். மேலாளர் பாராட்டுகிறார். வருகிறவர்கள் பெரும்பாலும் நாயைத்தான் கேட்கிறார்களாம். அதனால்தான் உலகத்தில் இத்தனை நாய்களாம்.

மனிதனை விலங்காக்குவது நம் ஆட்களுக்கு ஒட்டுமா? வெள்ளைக்காரனின் விசித்திரக் கற்பனை என்று வீட்டில் சொன்னார்கள்.

நானும் இதையே எதிர்பார்த்திருந்தேன். ஆனால் விவாதத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, “யோனிப் பொருத்தம் பார்த்தவர்கள் யாரும் இதை விசித்திரம் என்று சொல்லக் கூடாது” என்றார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

தெரியாதவர்களுக்கு: கல்யாணத்துக்கு நாம் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் ஒன்று யோனிப் பொருத்தம். 27 நட்சத்திரத்துக்கும் ஆளுக்கொரு விலங்கு. அசுவினிக்கும் சதயத்துக்கும் குதிரை. பரணிக்கும் ரேவதிக்கும் யானை. மகத்துக்கும் பூரத்துக்கும் எலி. புனர்பூசமும் ஆயில்யமும் பூனை. பெண் எலியாகவும் மாப்பிள்ளை பூனையாகவும் இருந்தால் ஜோசியர் உதட்டைப் பிதுக்குவார். பசுவும் புலியும் பகை, பாம்பும் கீரியும் பகை. திருவாதிரையும் மூலமும் நாய். மானாகிய அனுஷத்தோடும் கேட்டையோடும் சேராது. (பட்டியலில் லாப்ஸ்டர் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.)

விடுதியில் ஜோடி சேராவிட்டால் விலங்கு. நம்மிடம் விலங்கு சேராவிட்டால் ஜோடி இல்லை. வரிசைதான் மாறுகிறது. ஆசிரியர் இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் பல பேருடைய முகம் மாறியது. அதில் ஒருவர் மூல நட்சத்திரத்துப் பெண். பத்து நிமிடம் கழித்துத்தான் பேசினார். அவர் பேசியதை இங்கே எழுதமாட்டேன், அவருக்கே அது உரியது.

ஜாதகம் பார்ப்பது தப்பு என்று நான் வாதாட வரவில்லை. என் வீட்டிலேயே பார்த்துத்தான் நடந்தது. ஆனால் இரண்டு பேரை ஒரு பொதுக் குணத்தைக் கொண்டு பொருத்திவிடலாம் என்ற நம்பிக்கை இங்கேயும் இருக்கிறது, அந்த விடுதியிலும் இருக்கிறது. எனக்கும் மூக்கில் ரத்தம், உனக்கும் மூக்கில் ரத்தம். அப்புறம் என்ன, மண்டபம் புக் பண்ணு.

அப்போது இது கல்யாணத்துக்கு எதிரான படமா?

பாதியோடு எழுந்து போனவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இருந்து பார்த்தவர்களுக்குக் காடு இருக்கிறது.

காட்டில் தலைவியாக வருபவர் லியா செய்தூ. அங்கே யாரும் ஜோடி தேடச் சொல்லமாட்டார்கள். பேசலாம், பழகலாம். முத்தம் கொடுத்தால் உதட்டைக் கீறிவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து நடனமாடுகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனித்தனியாக. அவரவர் புதைகுழியை அவரவரே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும், செத்தால் இன்னொருவர் வந்து வெட்டமாட்டார். கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்த தோழி ஒருத்தி முதல் பாதி முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தாள். காடு வந்ததும் அமைதியாகிவிட்டாள். அவளுடைய கட்சிக்கும் படம் சலுகை காட்டவில்லை.

நகரக் காட்சிகளையும் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் தனியாக நிற்பவரைப் போலீஸ் நிறுத்தி, ஜோடி இருப்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது. எனக்கு அருகில் இருந்த பெரியவர் சிரித்தார். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்வது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1இல். அவர் தாலி கட்டியது அதற்கு முன்னால், எஸ்டேட் கோயிலில், ஒரு கடுதாசியும் இல்லாமல். “என்னை அந்த போலீஸ் பிடிச்சிருந்தா நான் நேரா காட்டுக்குத்தான்” என்றார். பக்கத்தில் அவர் மனைவி, “போங்களேன், யாரு வேணாம்னா?” என்றார்.

இரண்டாம் பாதி இழுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். விமர்சகர்களும் நிறையப் பேர் அதைத்தான் சொன்னார்கள். விடுதிக் காட்சிகளில் ஒவ்வொரு நிமிடமும் புதிய விதி வருகிறது, புதிய தண்டனை வருகிறது. காட்டில் அந்த வேகம் இல்லை, மழையும் சேறும்தான். எனக்கு இரண்டாம் பாதிதான் பிடித்தது. டேவிட்டும் காட்டில் அவன் காதலிக்கும் கிட்டப்பார்வைப் பெண்ணும் (ரேச்சல் வைஸ், கதை சொல்லும் குரலும் அவருடையதுதான்) தலையை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு சொல், கையைத் தூக்கினால் இன்னொரு சொல் என்று ஒரு சைகை மொழியைக் கண்டுபிடிக்கிறார்கள். படத்திலேயே ஒருவரை ஒருவர் நிஜமாகப் பார்க்கும் இடம் அதுதான்.

கடைசியில் கண்ணைக் குத்திக்கொண்டானா இல்லையா?

குழுவில் நீளமான சண்டை இதில்தான்.

காதல் விஷயம் தெரிந்ததும் தலைவி அந்தப் பெண்ணின் கண்ணைக் குருடாக்கிவிடுகிறாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கிட்டப்பார்வை. இப்போது அது போய்விட்டது. டேவிட் வேறு ஏதாவது ஒத்துப்போகுமா என்று அவளிடம் கேட்டுப் பார்க்கிறான். எதுவும் ஒத்துவரவில்லை. இருவரும் நகரத்துக்குத் தப்பி வந்து ஓர் உணவகத்தில் உட்காருகிறார்கள். அவன் கத்தி ஒன்று கேட்டு வாங்கிக் கழிவறைக்குள் போகிறான். வாயில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் கத்தியைக் கண்ணருகே கொண்டுபோகிறான். அப்புறம் காமிரா அவளிடம் திரும்பிவிடுகிறது. அவள் மேசையில் காத்திருக்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

இதைக் கேட்டதும் தமிழாசிரியர் கண்ணப்ப நாயனாரை இழுத்தார். திண்ணன் கண்ணைப் பிடுங்கி அப்பினான், அன்பு என்றால் அதுதான் என்றார். செந்தூல் அக்கா ஒருவர் விடவில்லை. “சார், சாமி கண்ணுல ரத்தம் வந்துச்சு, அதை நிறுத்தக் கண்ணப்பர் கண்ணைக் கொடுத்தாரு. அதுல ஒரு பயன் இருக்கு. இவன் குத்திக்கிட்டா அவளுக்குப் பார்வை வருமா? இது காந்தாரி கதை” என்றார். திருதராஷ்டிரனுக்குப் பார்வை இல்லை என்று தெரிந்ததும் காந்தாரி தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள். கணவனுக்குக் கண்ணாக இருந்திருக்க வேண்டியவள் அவளும் இருட்டில் உட்கார்ந்ததால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார் அக்கா. ஆசிரியரிடம் பதில் இருந்தது, ஆனால் அது கற்பைப் பற்றியதாகப் போய் வேறொரு சண்டையைக் கிளப்பிவிட்டது.

என் கருத்து: அவன் குத்திக்கொள்ளவில்லை. இரக்கமில்லாதவளிடம் போட்ட வேஷத்தைச் சில நாளுக்கு மேல் அவனால் காக்க முடியவில்லை. இதையும் காக்கமாட்டான். என் மனைவி இதை ஏற்கவில்லை. கண்ணீரை அடக்க முடியாதவன்தான் கண்ணையும் கொடுப்பான் என்கிறாள். அவள் வாதம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று பல பேர் எனக்கே மெசேஜ் அனுப்பிவிட்டார்கள்.

கான் விழாவில் இந்தப் படம் ஜெயித்ததா?

2015இல் நடுவர் பரிசு பெற்றது. அது மூன்றாம் பரிசு மாதிரி. அந்த வருடம் முதல் பரிசான தங்கப்பனை எதற்குப் போனது என்று தெரிந்தால் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: ‘தீபன்’. ஜாக் ஓடியார் இயக்கியது, எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்தது, பெரும்பகுதி தமிழிலேயே பேசும் படம். இலங்கைப் போரிலிருந்து தப்ப, ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் ஒரு குடும்பம் என்று பொய் சொல்லிப் பிரான்சுக்குப் போகும் கதை. அங்கேயும் ஜோடி என்று காட்டக் காகிதம் வேண்டும், அங்கேயும் ஒரு குழந்தை சேர்க்கப்படுகிறது. ஒரே விழாவில், ஒரே நடுவர் குழு முன்னால் இரண்டும் ஓடியிருக்கின்றன. முடிந்தால் அடுத்தடுத்த மாதங்களில் பாருங்கள்.

நான் தனியாகத்தான் இருக்கிறேன். இதைப் பார்த்தால் மனசு கெட்டுப்போகுமா?

உங்கள் நிலையைப் பொறுத்தது. எங்கள் கூட்டத்தில் அதிகம் சிரித்தவர்களும் தனியாக இருப்பவர்கள்தான், அதிகம் வருந்தியவர்களும் அவர்கள்தான். ஜோடியாக வந்தவர்கள் பொதுவாக, ‘நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் ஓவர்’ என்ற அளவில் நின்றுகொண்டார்கள். சிரித்தவர்களைக் கேட்டபோது, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் ‘அடுத்து நீதானே?’ என்று கேட்கிறவர்களை யாரோ ஒருவர் கடைசியில் படமாக எடுத்துவிட்டார் என்றார்கள். வருந்தியவர்கள், அந்தக் கேள்வியை இரண்டு மணி நேரம் மறுபடியும் கேட்டதுபோல் இருந்தது என்றார்கள். இரண்டும் ஒரே காரணம். அன்றைக்கு அதைத் தாங்கும் தெம்பு யாருக்கு இருந்தது என்பதில்தான் பிரிந்தார்கள் என்று நினைக்கிறேன். ரசனை குறைவு, படிப்பு குறைவு என்று பேசுவதெல்லாம் வீண்.

உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆகவே உங்கள் வரிசையில் நீங்கள் மட்டும் இல்லை. மனம் ரொம்பத் தாழ்ந்திருக்கும் நாளில் இந்தப் படத்தைத் தள்ளி வையுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 24 மணி நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் அழைக்கலாம். யார் என்ன என்று துருவமாட்டார்கள்.

பிடித்திருந்தது. அடுத்து அதே இயக்குநரின் எதைப் பார்ப்பது?

‘தி ஃபேவரிட்’ (2018). ஒலிவியா கோல்மனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது, சிரிப்பும் கூடுதல். ‘புவர் திங்ஸ்’ (2023) அதைவிடப் பிரபலம், ஆனால் மேலே அம்மா அப்பாவைப் பற்றிச் சொன்னது அதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

அந்த விடுதி நிஜமாகவே இருக்கிறதா? என் மகனுக்கு 34 ஆகிறது.

இருக்கிறது, ஆன்ட்டி. அயர்லாந்தில் கெரி என்ற மாவட்டத்தில், ஸ்னீம் ஊருக்குப் பக்கத்தில், கடலோரமாக. பெயர் பார்க்னசில்லா. சாதாரண விடுமுறை விடுதிதான், அறை போட்டுத் தங்கலாம், யாரும் தவணை வைப்பதில்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.